சீரியல் கன்சோலில் 'ஆர்' கொடுத்தும் கர்னல் நிற்காமல் கொட்டுகிறது (பணகுடி காற்றாலைப் பெட்டி, 8250 டிரைவர், கர்னல் 5.10)

#1 பணகுடிக் காற்று · திங்கள், இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு காற்றாலைப் பண்ணையில் கட்டுப்பாட்டு அறையின் லினக்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காற்றாடிகளை ஓட்டுவதற்குத் தனிக் கருவிகள் உண்டு. இந்தப் பெட்டி அவற்றிடம் கேட்டுக் கேட்டுக் கணக்கு எழுதும், அவ்வளவுதான். ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிற நாளில் ஒரு ராத்திரிக் கணக்கு போனாலும் வருத்தமான இழப்பு.

இந்தப் பெட்டியில் வாரத்துக்கு ஒருமுறை கர்னல் (லினக்ஸின் உட்கரு) ஊப்ஸ் அடித்து, அதாவது பிழை விவரத்தைக் கொட்டி, விழுகிறது. திரை கிடையாது. சீரியல் போர்ட்டில் ஒரு ரேடியோ மோடம் மாட்டி, கன்சோல் செய்திகளை வள்ளியூரில் உள்ள அறையில் பதிவு செய்கிறோம். போர்ட் 115200-இல் ஓடுகிறது. மோடம் காற்றில் அனுப்புவது 9600 வேகத்தில். அதன் பஃபர் 2048 பைட். பஃபர் நிறையப் போகும்போது சிடிஎஸ் கம்பியை இறக்கி 'நிறுத்து' என்று சொல்லும், இடம் வந்ததும் ஏற்றும்.

பூட் வரியில் டிடிஒய்எஸ்0-க்கு (முதல் சீரியல் போர்ட்) '115200என்8ஆர்' என்று கொடுத்திருக்கிறேன். கடைசியில் உள்ள 'ஆர்' ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஃப்ளோ கன்ட்ரோலுக்கானது. இருந்தும் ஊப்ஸ் வரும்போது முதல் முப்பது வரி சுத்தமாக வருகிறது, அதற்குப் பிறகு எழுத்துகள் சிதறிப்போகின்றன. ஒரு முகவரியில் இரண்டு இலக்கம் இருக்கும், அடுத்தது ஏதோ ஒரு ஃபங்ஷன் பெயரின் நடு எழுத்து, அப்புறம் ஒரு அடைப்புக்குறி. எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று சொல்கிற இடம்தான் ஒவ்வொரு முறையும் காணாமல் போகிறது.

எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. அதே போர்ட்டில் லாகின் செய்து பெரிய கோப்பு ஒன்றைத் திரையில் ஓட விட்டால் ஒரு எழுத்துகூடத் தவறுவதில்லை. மோடத்தில் சிடிஎஸ் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, பெட்டியும் நின்று நின்று அனுப்புகிறது. கர்னல் செய்தி கொட்டும்போது மட்டும் விளக்கு அணைந்தே கிடக்கிறது, பெட்டி அதைப் பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரே போர்ட், ஒரே கேபிள். ஏன் இப்படி?

#2 அம்பைத் தம்பி · திங்கள், இரவு 10:15

அண்ணே, கேபிள் மூணு கம்பி கேபிளா இருக்குமோ? நான் ஜங்ஷனில் வாங்கியதில் 2, 3, 5 மட்டும்தான் இணைத்திருந்தார்கள். 7-ம் 8-ம் உள்ளே வெறுமையாக இருந்தன.

#3 சுத்தமல்லி · திங்கள், இரவு 10:40

போர்ட்டையே 9600-க்கு இறக்கிவிடுங்கள். உள்ளே வருகிற வேகமும் வெளியே போகிற வேகமும் ஒன்றாகிவிட்டால் பஃபர் நிறையாது. கர்னலுக்குள் கை வைக்க வேண்டியதே இல்லை.

#4 பணகுடிக் காற்று · செவ்வாய், காலை 7:30

தம்பி, கேபிள் சரிதான். இன்று காலை பேனலைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன் (தேரி மண் உள்ளே வரை வந்திருக்கிறது, முதலில் அதைத் தூரிகையால் தட்டினேன்). 8-ஆம் பின்னில் மோடம் தயாராக இருக்கும்போது +6 வோல்ட்டுக்குச் சற்று மேல், பஃபர் நிறைந்ததும் −6. சிடிஎஸ் பெட்டியின் வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே யாரும் பார்க்கவில்லை.

சுத்தமல்லி அண்ணாச்சி, 9600 போட்டுப் பார்த்தாயிற்று. இழப்பு குறைகிறது, ஒழியவில்லை. அதே ரேடியோ அலைவரிசையில்தான் காற்றாடிகளின் கணக்கும் போகிறது. அது பேசும்போது கன்சோல் காத்திருக்க வேண்டும். ஆகையால் 9600 என்பது எழுத்தில்தான், கிடைக்கிற வேகம் அதற்கும் கீழே.

#5 கொக்கிரகுளம் · செவ்வாய், மதியம் 1:20

தம்பி, நீங்கள் பார்த்தது அப்படியே சரி. ஒரே போர்ட் என்றாலும் கர்னலுக்குள் இரண்டு வழி இருக்கிறது.

லாகின் செய்து நீங்கள் அனுப்புவது டிடிஒய் அடுக்கு (லாகின் திரையைக் கவனிக்கிற கர்னல் பகுதி) வழியாகப் போகிறது. அங்கே இன்டரப்ட் (வன்பொருள் கர்னலைத் தட்டிக் கூப்பிடுகிற சைகை) உண்டு, வரிசை உண்டு. சிடிஎஸ் இறங்கினால் மோடம் நிலை மாறியதாக இன்டரப்ட் வரும், டிரைவர் 'வன்பொருள் நிறுத்தியது' என்று குறித்துக்கொண்டு அனுப்புவதை நிறுத்தும். ஏறினால் மறுபடி தொடங்கும்.

பிரிண்ட்கே செய்தி, அதாவது கர்னல் தானே அச்சிடுகிற செய்தி, அந்த வழியில் போவதே இல்லை. கர்னல் செத்துக்கொண்டிருக்கும்போதும் வெளியே வர வேண்டிய செய்தி அது, இன்டரப்ட்டை நம்பி இருக்க முடியாது. அதனால் 8250 என்ற சீரியல் சிப்பின் டிரைவரில் உள்ள கன்சோல் ஃபங்ஷன், வேறு யாரும் தொடாதபடி போர்ட்டின் பூட்டை எடுத்து, இன்டரப்ட் ரெஜிஸ்டரைச் சுழியாக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக ரெஜிஸ்டரில் போடுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் வெயிட்_ஃபார்_எக்ஸ்மிட்ஆர் என்ற ஃபங்ஷன், அனுப்பும் இடம் காலியா என்று அதிகபட்சம் 10 மில்லிவினாடி பார்க்கும். அதே ஃபங்ஷனின் பின்பாதியில் சிடிஎஸ்-ஐப் பார்க்கிற லூப்பும் எழுதியிருக்கிறது. ஆனால் அது ஓடுவதற்குப் போர்ட்டில் யூபிஎஃப்_கான்ஸ்_ஃப்ளோ என்ற ஃப்ளாக் இருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த 'ஆர்' எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள். யூஏஆர்டி_செட்_ஆப்ஷன்ஸ் அதை வாங்கி டெர்மியாஸில் (டிடிஒய் அமைப்புகளின் பட்டியல்) சிஆர்டிஎஸ்சிடிஎஸ் பிட்டைப் போடுகிறது. அது டிடிஒய் வழிக்கான பிட். கன்சோல் வழி பார்க்கிற ஃப்ளாக்கை 5.10-இல் அது தொடுவதே இல்லை. காத்திருக்கிற லூப்பும் இருக்கிறது, கேட்கிற எழுத்தும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற வரிதான் இல்லை.

முப்பது வரிக் கணக்கும் சரியாக வருகிறது. 115200-இல் ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், 8 பிட், நிறுத்த பிட் என 10 பிட். வினாடிக்கு 11,520 எழுத்து உள்ளே, 960 வெளியே. வினாடிக்கு 10,560 தேங்கும். 2048 பைட் நிறைய 0.19 வினாடி, அதற்குள் போனது சுமார் 2,230 எழுத்து. வரிக்கு 75 எழுத்து என்றால் முப்பதாவது வரி. அதற்குப் பிறகு பன்னிரண்டு எழுத்துக்கு ஒன்றுதான் பிழைக்கும்.

#6 அம்பைத் தம்பி · செவ்வாய், மாலை 6:05

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சிடிஎஸ்-க்குப் பதிலாக எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் வைத்தால்? கன்ட்ரோல்-எஸ் அடித்தால் திரை நிற்கிறதே. அதற்குக் கம்பியே வேண்டாம்.

#7 கொக்கிரகுளம் · செவ்வாய், மாலை 6:30

திரையில் நிற்பது டிடிஒய் வழி, தம்பி. எக்ஸ்ஆஃப் என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற ஒரு எழுத்து, எண் 19. அதை யாராவது வாங்கிப் படிக்க வேண்டும். கன்சோல் எழுதும்போது இன்டரப்ட் அடைத்திருக்கிறது, வருகிற எழுத்தை அப்போது எடுப்பவர் இல்லை. சிடிஎஸ் ஒரு கம்பியின் நிலை. மோடம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 4-ஆம் பிட்டாக எப்போது பார்த்தாலும் இருக்கும். இன்டரப்ட் இல்லாமலும் பார்க்கலாம் என்பதுதான் இந்த இடத்தில் அதன் பலம்.

#8 பணகுடிக் காற்று · புதன், இரவு 11:10

அண்ணாச்சி, வந்துவிட்டது! கன்சோல் செட்டப் ஃபங்ஷனில் ஆப்ஷன்களைப் பிரித்த இடத்துக்குக் கீழே, ஃப்ளோ 'ஆர்' என்றால் அந்த ஃப்ளாக்கைப் போடு என்று இரண்டு வரி சேர்த்தேன். சிஸ்ரெக் 'டி' (கர்னலுக்கு நேராகப் போகிற கட்டளை) கொடுத்து எல்லாப் பணிகளின் பட்டியலையும் கொட்ட விட்டேன். வள்ளியூரில் ஒரு எழுத்து குறையாமல் இறங்கியது. மோட விளக்கு இப்போது கர்னல் செய்திக்கும் அணைந்து அணைந்து எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றேன்.

இன்றிரவே பண்ணைப் பெட்டியில் ஏற்றிவிட்டேன்.

#9 பணகுடிக் காற்று · சனி, காலை 8:45

நேற்று ராத்திரி மழையும் இடியும். மோடத்தின் ஃபியூஸ் போய்விட்டது. பெட்டிக்கு மின்சாரம் ஒரு நொடி போய் வந்திருக்கிறது, அதோடு பூட் ஆகத் தொடங்கியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி பூட் ஆகவே இல்லை. பயாஸில் 120 வினாடி வாட்ச்டாக் (அதற்குள் பெட்டி எழாவிட்டால் ரீபூட் செய்கிற காவல்) வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க 120 வினாடிக்கு ஒருமுறை ரீபூட் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றாடி எல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது. கணக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

செத்த மோடம் சிடிஎஸ்-ஐ ஏற்றாது. என் இரண்டு வரி அதற்காகக் காத்திருந்தது. தவறு என்னுடையது, சோதிக்கும்போது மோடத்தை அணைத்துப் பார்க்கவில்லை. மேலே சொன்ன என் பேட்சை (அந்த இரண்டு வரித் திருத்தத்தை) யாராவது எடுத்திருந்தால் தயவுசெய்து ஏற்ற வேண்டாம்.

#10 வீரவநல்லூர் · சனி, காலை 10:30

இழையை இப்போதுதான் பார்த்தேன், இரண்டு நாள் முன்னால் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். தம்பி, அந்த லூப்பை முழுக்க வாசித்துப் பாருங்கள். சிடிஎஸ் எழும் வரை ஒரு மைக்ரோவினாடி சும்மா சுற்று, மறுபடி பார், இப்படிப் பத்து லட்சம் முறை. அதாவது ஒரு வினாடி. ரெஜிஸ்டர் படிக்கிற நேரமும் சேர்ந்தால் நிஜத்தில் ஒரு வினாடிக்கும் மேல். ஒரு வினாடி கழித்து எழாவிட்டால் எழுத்தை அனுப்பிவிடும். அது நல்லதுதான். கேடு எங்கே என்றால், அடுத்த எழுத்துக்கு மறுபடி ஒரு வினாடி.

80 எழுத்து உள்ள வரிக்கு 80 வினாடி. அதுவும் பூட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிபியூவில் இன்டரப்ட்டை அடைத்துக்கொண்டு. லூப்புக்குள்ளேயே என்எம்ஐ வாட்ச்டாக்கை (கர்னல் உறைந்ததா என்று பார்க்கிற காவல்) தட்டிக்கொடுக்கிற வரியும் இருக்கிறது, அதனால் கர்னல் தன்னைப் பற்றிப் புகாரும் சொல்லாது. உங்கள் 120 வினாடிக்குள் கர்னலால் இரண்டு வரி சொல்லி முடித்திருக்க முடியாது.

எங்கள் தாத்தா கன்னடியன் கால்வாயில் நீர்ப்பாய்ச்சி. மேல்மடையில் நின்றுகொண்டு கடைமடை ஆளுக்குக் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் ஒருமுறை காத்துப் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு வயலுக்கும் நின்று மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார், போகிற போக்கில் திரும்பி ஒரு பார்வை மட்டும். டிரைவருக்குத் தேவை அந்த நினைவுதான். காத்திருப்பு எழுத்துக்கு எழுத்து இருக்கக் கூடாது, கம்பிக்கு ஒருமுறை இருக்க வேண்டும்.

#11 சுத்தமல்லி · சனி, மதியம் 12:15

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். கர்னல் வெளியே இருக்கிற ஒரு கம்பிக்காகக் காத்திருக்கவே கூடாது. 5 ரூபாய் ஃபியூஸ் போனதற்கு ஒரு முழுப் பெட்டி நின்றது என்றால் எங்கோ அடிப்படையே தவறு. ஆர்ம் பக்கத்து பிஎல்011 என்ற சீரியல் டிரைவரைப் பாருங்கள். கன்சோல் எழுதத் தொடங்கும்போது சிடிஎஸ் பார்க்கிற பிட்டை அதுவே அணைத்துவிட்டு எழுதுகிறது, முடித்ததும் பழையபடி வைக்கிறது. யோசித்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

#12 வீரவநல்லூர் · சனி, மாலை 4:40

பிஎல்011 பற்றிச் சொன்னது சரி, அண்ணாச்சி. 'ஆர்' கொடுக்காதவருக்கு அதுவே சரியான நடத்தை. மூன்று கம்பி கேபிள் மாட்டியிருப்பவர்தான் அதிகம், அவருக்குச் சிடிஎஸ் எந்த நிலையில் மிதக்கிறது என்றே சொல்ல முடியாது.

ஆனால் இவர் 'ஆர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னால் நிறுத்து என்று கேட்டு வாங்குகிற எழுத்து அது. அதை ஏற்றுக்கொண்டு பாதி வழியில் மட்டும் மதிப்பது பெரிய ஏமாற்றம். இவர் மாதக்கணக்கில் ஊப்ஸைப் பிடிக்க முடியாமல் இருந்ததே அதனால்தான். ஆகவே காத்திருக்க வேண்டும், வரம்போடு.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். போர்ட்டின் கட்டமைப்பில் 'சிடிஎஸ் போய்விட்டது' என்று ஒரு பிட். முதல் எழுத்துக்கு ஒரு வினாடி காத்திருந்தும் எழவில்லை என்றால் அந்த பிட்டைப் போடு. அது இருக்கும்வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ரெஜிஸ்டரை ஒரே ஒருமுறை படி, கீழே இருந்தால் காத்திருக்காமல் அனுப்பிவிடு, எழுந்திருந்தால் பிட்டை அழித்துப் பழையபடி மதி. அனுப்பாமல் தூக்கிப்போடலாமே என்று தோன்றும், வேண்டாம். கேபிளில் சிடிஎஸ் மட்டும் அறுந்து மற்றது சரியாக இருந்தால் செய்தியாவது போய்ச் சேரும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கனெக்டர் தளர்ந்து சிடிஎஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வினாடி போகும். அதை நான் ஏற்றுக்கொள்வேன். திருகை முறுக்கிச் சரிசெய்யக்கூடிய குறை அது.

#13 கொக்கிரகுளம் · சனி, இரவு 8:00

வீரவநல்லூர் சொன்ன வழி எனக்கும் சரியாகப் படுகிறது. ஒன்று மட்டும் அளந்து பாருங்கள் தம்பி: உங்கள் மோடம் பஃபர் நிறைந்து சிடிஎஸ்-ஐ இறக்கினால் எவ்வளவு நேரம் கழித்து ஏற்றுகிறது? பாதி காலியாகும் வரை ஏற்றாது என்றால் 1024 பைட், 960 வேகத்தில் 1.07 வினாடி. உயிரோடு இருக்கிற மோடத்தையே ஒரு வினாடி வரம்பு செத்ததாக எடுத்துக்கொள்ளும்.

#14 பணகுடிக் காற்று · ஞாயிறு, இரவு 9:30

அண்ணாச்சி, நல்லவேளை கேட்டீர்கள். மோட அமைப்பில் ஏற்றும் அளவு 50 விழுக்காடு என்றுதான் இருந்தது. அதை 75 ஆக்கினேன். இப்போது அளந்தால் பெரும்பாலும் 550 மில்லிவினாடிக்குள் ஏறிவிடுகிறது, காற்றாடிக் கணக்கும் சேர்ந்து போகிற நேரத்தில் 700 வரை போகிறது. ஒரு வினாடிக்குள் அடங்கும்.

வீரவநல்லூர் அக்கா சொன்னபடியே எழுதி வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். மோடம் அணைத்து பூட் செய்தால் முதல் எழுத்தில் ஒரு வினாடி தயங்குகிறது, அப்புறம் வழக்கம்போல் ஓடுகிறது. நடுவில் மோடத்தைப் போட்டால் அந்த நொடியிலிருந்து மதிக்கிறது.

ஆனால் ஒரு புதுக் கோளாறு. கர்னல் செய்தி நிறையக் கொட்டி முடிந்த பிறகு சில நேரம் லாகின் திரை உறைந்துவிடுகிறது. தட்டுகிற எழுத்து உள்ளே போகிறது (வேறு வழியாகப் பார்த்தேன், கட்டளை நடக்கிறது), பதில் மட்டும் திரும்பி வருவதில்லை. சிடிஎஸ் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய இரண்டு வரிப் பேட்சில் இது வந்ததே இல்லை.

#15 கொக்கிரகுளம் · ஞாயிறு, இரவு 10:10

'ஒரே ஒருமுறை படி' என்ற இடத்தில் ரெஜிஸ்டரை நேரடியாகப் படித்து, சிடிஎஸ் பிட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டீர்களா?

மோடம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் மேல் 4 பிட் கம்பிகளின் நிலை. கீழ் 4 பிட் 'கடைசியாகப் படித்ததற்குப் பிறகு மாறியது' என்கிற குறிப்பு. படித்தவுடன் இந்தக் கீழ் நாலும் அழிந்துவிடும். சிடிஎஸ் இறங்கியபோது டிடிஒய் பக்கம் நின்றது. அது திரும்ப ஏறியதை உங்கள் வரி படித்து, மாற்றக் குறிப்பை அழித்துவிட்டது. இன்டரப்ட் திறந்த பிறகு மாற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, டிடிஒய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பழைய லூப்பில் பாருங்கள், படித்த மதிப்பின் மாற்ற பிட்டுகளை எம்எஸ்ஆர்_சேவ்டு_ஃப்ளாக்ஸ் என்ற இடத்தில் சேர்த்து வைக்கிற ஒரு வரி இருக்கும். கன்சோல் எழுதி முடித்ததும் அதில் ஏதாவது இருந்தால் மோடம் நிலையை ஆராய்கிற ஃபங்ஷனைக் கூப்பிடும். தேவையில்லாததுபோல் தோன்றுகிற அந்த வரிதான் லாகினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

#16 பணகுடிக் காற்று · ஞாயிறு, இரவு 10:55

அப்படியேதான் செய்திருந்தேன் அண்ணாச்சி. சேர்த்து வைக்கிற வரியைப் போட்டேன். இருபது முறை கொட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூட உறையவில்லை.

#17 அம்பைத் தம்பி · திங்கள், காலை 6:50

அண்ணே, நான் க்யூஇஎம்யூவில் (கணினிக்குள் போலிக் கணினி ஓட்டுகிற மென்பொருள்) உங்கள் பழைய இரண்டு வரியை வைத்துப் பார்த்தேன். மெதுவாகவே இல்லை, சட்டென்று பூட் ஆகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

#18 வீரவநல்லூர் · திங்கள், காலை 7:40

தவறு ஒன்றும் இல்லை தம்பி. சீரியலைத் திரைக்கோ கோப்புக்கோ விட்டால் க்யூஇஎம்யூ சிடிஎஸ்-ஐ எழுந்த நிலையிலேயே காட்டும். இந்தக் கோளாறு அங்கே வரவே வராது. சீரியல் போர்ட் உள்ள இரண்டு பழைய கணினி கிடைத்தால் நல்-மோடம் கேபிள் ஒன்று எடுத்து, அதில் ஒரு பக்கத்து 7-இலிருந்து மறுபக்கத்து 8-க்குப் போகிற கம்பியை வெட்டி, நடுவில் சின்ன சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டித் தட்டிப் பார்த்தால்தான் புரியும். கல்லூரி ஆய்வகத்தில் அப்படிப்பட்ட கணினி இன்னும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பணகுடித் தம்பிக்கு ஒன்று. நாளைக்குப் புதிய கர்னலுக்கு மாறும்போது கவனம். 2022-க்குப் பிறகு வந்தவற்றில் 8250 கன்சோல் ஃபைஃபோவை (சிப்புக்குள் இருக்கிற சின்ன வரிசை) நிரப்பி எழுதுகிற வழியும் உண்டு. 16 எழுத்தை உள்ளே தள்ளிவிட்டால் சிடிஎஸ் எப்படி இருந்தாலும் சிப் அதை அனுப்பிவிடும். அதனால் யூபிஎஃப்_கான்ஸ்_ஃப்ளோ இருந்தால் அந்த வழி வேண்டாம் என்று கோடிலேயே நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஆகவே தனி மாறி ஒன்று வைத்து அந்த ஃப்ளாக்கை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஃப்ளாக் இருக்கட்டும், உங்கள் நினைவு பிட் அதன் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே காத்திருக்கிற ஃபங்ஷனின் அமைப்பும் மாறியிருக்கும், பேட்ச் அப்படியே உட்காராது. அப்புறம் ஃப்ளோ 'ஆர்' இல்லை என்றால் ஃப்ளாக்கை அழிக்கவும் வேண்டும், போடுவது மட்டும் போதாது.

#19 சுத்தமல்லி · திங்கள், காலை 11:00

நினைவு பிட் இருந்தால் என் எதிர்ப்பைப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். மீதிப் பாதி இதோ. மோடம் உயிரோடு இருந்தாலும் பூட் செய்தி 40,000 எழுத்து என்றால் 960 வேகத்தில் 42 வினாடி. 115200-க்கே விட்டால் மூன்றரை வினாடி. சிடிஎஸ்-ஐ மதித்தால் ஒவ்வொரு பூட்டும் ரேடியோ வேகத்துக்கு இறங்கிவிடும், அதுவும் இன்டரப்ட்டை அடைத்து அடைத்து.

#20 வீரவநல்லூர் · திங்கள், மதியம் 2:10

உண்மை, அதற்கு இந்தப் பேட்ச் மருந்தில்லை. குறுகலான குழாயில் கொட்டுவதையே குறைக்க வேண்டும். லாக்லெவல் (எந்த மட்டச் செய்தி வரை கன்சோலுக்கு விடுவது என்ற எண்) 4 வைத்தால் பிழையும் அதைவிடக் கடுமையானதும் மட்டும் கன்சோலுக்கு வரும், மற்றது பெட்டிக்குள் டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) இருக்கும். ஊப்ஸின் தலைவரி கடுமையான வகை, அது தப்பாமல் வரும். கால் ட்ரேஸின் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) வரிகள் எந்த மட்டத்தில் அச்சாகின்றன என்பதை மட்டும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பிரிண்ட்கே கர்னலுக்குள் தனி த்ரெட்டாக ஓடி மற்றவரை நிறுத்தாமல் எழுதுகிற ஏற்பாடு நெடுநாளாக நடக்கிற வேலை. பிரீஎம்ப்ட்-ஆர்டி (நேரம் தவறாமல் பதில் சொல்லக் கர்னலை மாற்றுகிற ஏற்பாடு) 2024-இல் 6.12-இல் முதன்மை மரத்துக்குள் வர அவ்வளவு ஆண்டு பிடித்ததற்கு பிரிண்ட்கேயும் ஒரு காரணம். ஆனால் 5.10-இல் இருக்கிற தம்பிக்கு இன்றைக்கு அது உதவாது.

#21 பணகுடிக் காற்று · வெள்ளி, இரவு 10:20

லாக்லெவல் 4 வைத்து, சோதனைக்கு ஒரு ஊப்ஸை நானே உண்டாக்கிப் பார்த்தேன், ட்ரேஸ் வரிகள் வந்தன. பிறகு செவ்வாய்க்கிழமை பண்ணையில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன் மோடத்தை அணைத்து மூன்று முறை, 8-ஆம் பின் கம்பியைக் கழற்றி மூன்று முறை, நடுவில் கழற்றி நடுவில் மாட்டி ஐந்து முறை பூட் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட வழக்கத்தைவிட இரண்டு வினாடிக்கு மேல் தாமதிக்கவில்லை.

இன்று மாலை 5:35-க்குப் பெட்டி விழுந்தது. வள்ளியூரில் 58 வரியும் முழுதாக வந்திருக்கிறது. இதுவரை கிடைக்காமல் இருந்த 41-ஆவது வரியில் யூஎஸ்பி-சீரியல் மாற்றியின் டிரைவர் பெயர் நிற்கிறது, இணைப்பு விடுபடும்போது ஓடுகிற ஃபங்ஷனில். காற்றாடி ஒன்றின் கணக்குக் கேபிள் அந்த மாற்றியில்தான் மாட்டியிருக்கிறது, காற்று அடிக்கும்போது பேனல் அதிர்ந்து அது ஒரு நொடி விட்டுப் பிடிக்கிறது. பேனலைத் தொட்டுப் பார்த்தாலே தெரிகிறது.

கேபிளை இன்று நைலான் டையால் கட்டியிருக்கிறேன். டிரைவர் கோளாறுக்கு 58 வரியையும் போட்டு நாளைக்குத் தனி இழை திறக்கிறேன். அக்கா, அண்ணாச்சி, பேட்சை முழுதாக இங்கே ஒட்டுகிறேன், பூட்டைப் பிடிக்கிற இடத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

#22 கொக்கிரகுளம் · வெள்ளி, இரவு 10:45

ஒட்டுங்கள் தம்பி, இன்றைக்கே பார்க்கிறேன். நினைவு பிட்டைப் படிப்பதும் எழுதுவதும் போர்ட் பூட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஊப்ஸ் நேரத்தில் பூட்டு கிடைக்காமலேயே எழுதுகிற வழி ஒன்று இருக்கிறது, அங்கே அந்த பிட் தவறினால் அதிகபட்சம் ஒரு வினாடி வீணாகும், அவ்வளவுதான். அதைப் பேட்சின் விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.